ஸ்டிமுலேட்டர் ட்ரையல்: அந்த ஒரு வாரத்துல மெஷினை நீங்கதான் டெஸ்ட் பண்ணணும்

முதுகு ஆபரேஷன் முடிஞ்சு வருஷமாகியும் கால் எரிச்சல் விடல, நரம்பு வலிக்கான ப்ரீகாபலின் மாத்திரை டோஸ் ஏத்தி ஏத்தி பகல்லயே தூக்கம் தள்ளுது, முதுகுல ஊசியும் போட்டாச்சு பிசியோவும் பண்ணியாச்சு, கடைசியா டாக்டர் "ஸ்பைனல் கார்ட் ஸ்டிமுலேட்டர் வெச்சுப் பாக்கலாமா"ன்னு கேட்டிருக்காரு. அந்த இடத்துல நிக்கிறவங்களுக்கும் அவங்க வீட்டுக்காரங்களுக்கும்தான் இதை எழுதறேன். ஸ்டிமுலேட்டர்ங்கறது தண்டுவடத்துக்குப் பக்கத்துல லீட்ங்கற வயரை வெச்சு, லேசா கரண்ட் கொடுத்து வலியை அமுக்கற மெஷின். நான் பெயின் கிளினிக்ல பிசியோ. லீட் வெக்கறது டாக்டர் வேலை, வெச்ச பிறகு ஆளை நடக்க வெச்சு உக்கார வெச்சு என்ன மாறியிருக்குன்னு பாக்கறது என் வேலை.

இந்த ட்ரீட்மெண்ட்ல மத்த ஆபரேஷன்ல இல்லாத ஒரு வசதி இருக்கு. முழு மெஷினையும் உடம்புக்குள்ள வெக்கறதுக்கு முன்னாடி சில நாள் போட்டுப் பாத்துட்டு, வேணுமா வேணாமான்னு நீங்களே சொல்லலாம். அந்த நாளைத்தான் நிறைய பேர் பயந்துபோய் படுத்துக்கிட்டே கழிச்சுட்டு, எடுக்கற அன்னைக்கு "பரவால்ல டாக்டர், கொஞ்சம் நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போறாங்க. கொஞ்சம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லி பல லட்சம் ரூபா மெஷினை உள்ள வெச்சுக்கறது சரியில்ல.

முதல்ல உங்க வலி இதுக்கு ஏத்த வலியா

இது நரம்பு வலிக்கான மெஷின். எரியற மாதிரி, கரண்ட் அடிக்கிற மாதிரி, ஊசி குத்தற மாதிரி, துணி பட்டாக்கூட கூசற மாதிரி வலி இருந்தா பேசலாம். முதுகு ஆபரேஷனுக்கு அப்புறமும் கால்ல இறங்கற வலி, அடிபட்ட கை கால்ல வீங்கி நிறம் மாறி நிக்காம வலிக்கிற சிஆர்பிஎஸ், சுகர்னால பாதத்துல வர்ற எரிச்சல், இதெல்லாம்தான் வழக்கமா வர்ற கேஸ். சுகர் பாத எரிச்சலுக்கு 2021லதான் மருந்து, மெஷினுக்கெல்லாம் அனுமதி கொடுக்கற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ முதல்ல அனுமதி கொடுத்துச்சு. மூட்டுத் தேய்மானத்துக்கு இது இல்ல. குனிஞ்சா மட்டும் பிடிக்கிற சாதா இடுப்பு வலிக்கும் இதுகிட்ட பெருசா எதிர்பாக்க முடியாது. டிஸ்க் இன்னும் நரம்பை அழுத்திக்கிட்டு இருக்கா, வெச்ச ஸ்க்ரூ ஏதாவது லூசாகியிருக்கா, அதையெல்லாம் பாத்து முடிச்சுட்டுத்தான் இந்தப் பேச்சுக்கே வரணும்.

இங்கிலாந்துல எந்த வைத்தியம் யாருக்குன்னு வழிகாட்டற நைஸ் அமைப்பு 2008ல போட்ட வழிகாட்டுதல் எளிமையா புரியும்: 100க்கு குறைஞ்சது 50 அளவு நரம்பு வலி, வழக்கமான வைத்தியம் பாத்தும் 6 மாசத்துக்கு மேல நீடிக்கணும், ட்ரையல்ல பலன் தெரியணும். உங்க கேஸ் இதுக்குள்ள வருதான்னு டாக்டர்கிட்ட நேராவே கேளுங்க.

இன்னொன்னும் தெரிஞ்சுக்கங்க, இதை விக்கறவங்க சொல்ல மாட்டாங்க. 2007ல வந்த புராசஸ்ங்கற ஆய்வுல முதுகு ஆபரேஷனுக்கு அப்புறம் கால் வலி விடாத 100 பேரை எடுத்தாங்க, 6 மாசத்துல ஸ்டிமுலேட்டர் வெச்சவங்கள்ல 48 சதவீதம் பேருக்கு கால் வலி பாதியாவது குறைஞ்சது, வெறும் மருந்து மாத்திரைன்னு போனவங்கள்ல 9 சதவீதம்தான். இது நல்ல சேதி. ஆனா 2022ல நார்வேல 50 பேருக்கு மெஷினை வெச்சு, சில மாசம் நிஜ கரண்ட், சில மாசம் கரண்டே இல்லாம, எதுன்னு அவங்களுக்குத் தெரியாம மாத்தி மாத்திப் பாத்தப்போ பெரிய வித்தியாசம் வரல. அதுல வெச்ச புரோகிராம் சரியில்லன்னு மறுத்துப் பேசினவங்களும் இருக்காங்க. 2023ல இடுப்பு வலிக்கு இதைப் பத்தின ஆய்வுகளைத் திரட்டிப் பாத்த காக்ரேன்ங்கற அமைப்போட அறிக்கையும் சாதகமா இல்ல. டாக்டருங்க நடுவுலயே சண்டை ஓடிட்டுதான் இருக்கு. அதனாலதான் சொல்றேன், ஊர்ல எத்தனை பேருக்கு வேலை செஞ்சதுங்கறதை விட உங்களுக்கு அந்த வாரத்துல என்ன நடக்குதுங்கறது முக்கியம்.

மெஷின் என்ன பண்ணுது

கால்ல இடிச்சுக்கிட்டா கை தானா போய்த் தேய்க்குதுல்ல, தேய்க்கற உணர்ச்சி உள்ள போய் வலி சிக்னலை அமுக்குது. 1965ல மெல்சாக், வால்ங்கற ரெண்டு பேர் இதைத்தான் கதவு மாதிரி ஒன்னு தண்டுவடத்துல இருக்குன்னு எழுதினாங்க, ரெண்டே வருஷத்துல 1967ல அமெரிக்காவுல நார்மன் ஷீலிங்கற சர்ஜன் முதல் ஆளுக்கு மெஷினே வெச்சுட்டாரு. அதுக்கப்புறம் வந்த சில புரோகிராம் எப்படி வேலை செய்யுதுன்னு இந்தக் கதவு விளக்கத்தை வெச்சு மட்டும் சொல்லிட முடியாது, ஆனா அடிப்படை புரிய இது போதும்.

மெல்லிசான ஒரு வயர், அதுக்குப் பேரு லீட், நுனியில பெரும்பாலும் 8 சின்ன உலோகப் பட்டை இருக்கும். தண்டுவடத்தை மூடின உறைக்கு வெளியில, எலும்புக்கும் உறைக்கும் நடுவுல அதை ஏத்துவாங்க. கால் வலிக்கு இடுப்புக்கிட்ட ஊசி வழியா உள்ள போய் நுனி நடு முதுகுல டி8, டி9 எலும்பு பக்கம் போய் நிக்கும். கை வலின்னா கழுத்துப் பக்கம். ட்ரையல்ல பேட்டரி வெளிய இருக்கும், இடுப்புல பெல்ட்ல மாட்டிக்கலாம்.

ட்ரையலுக்கு முன்னாடி பண்ண வேண்டியது

ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறீங்கன்னா இதை முதல் நாளே சொல்லிடுங்க. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அசிட்ரோம், இப்போ வர்ற புது மாத்திரைங்க எல்லாமே சேத்தி. லீட் போடறப்போ மட்டும் இல்ல, உள்ள இருக்கற வரைக்கும், எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் வரைக்கும் பல மாத்திரையை நிறுத்தி வெப்பாங்க, ஏன்னா அந்த இடத்துல ரத்தம் கட்டினா தண்டுவடத்தை அழுத்திடும். ஆக மொத்தத்துல நாள் நிறைய ஆகுது, சமீபத்துல ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு இது விளையாட்டு இல்ல. நீங்களா நிறுத்தாதீங்க, ஹார்ட் டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க.

சுகர் இருந்தா மூணு மாச சராசரி டெஸ்ட் எடுத்து கட்டுப்பாட்டுக்குக் கொண்டு வாங்க. பல்லுல சீழ், காலிடுக்குல புண், முதுகுல கட்டி, யூரின் இன்ஃபெக்ஷன், எதுவா இருந்தாலும் ஆறின பிறகுதான். பீடி சிகரெட் விட முடிஞ்சா விடுங்க. நடு முதுகுக்கும் எம்ஆர்ஐ கேப்பாங்க, "வலி இடுப்புலதானே"ன்னு சண்டை போடாதீங்க, லீட் போய் உக்காரப் போறது அங்கதான், இடம் இருக்கான்னு பாக்கணும். சைக்காலஜிஸ்ட்கிட்டயும் அனுப்புவாங்க. பைத்தியம்னு அனுப்பறது இல்ல. தூக்கமில்லாம மனசு உடைஞ்சு போயிருந்தா மெஷின் வேலை செஞ்சாலும் பலன் தெரியாது, அதை முதல்ல சரி பண்ணிக்கலாம்னுதான்.

இப்ப முக்கியமான வேலை. ட்ரையலுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஒரு நோட்டு போடுங்க. தினமும் காலைல சாயங்காலம் வலி 10க்கு எவ்வளவு, எவ்வளவு நேரம் தொடர்ந்து நின்னீங்க, எவ்வளவு தூரம் நடந்தீங்க, ராத்திரி எத்தனை தடவை முழிச்சீங்க, வலி தாங்காதப்போ மட்டும் போடற எஸ்ஓஎஸ் மாத்திரை எத்தனை போட்டீங்க. இது இல்லாம ட்ரையல் பண்ணா ஒப்பிட ஒன்னுமே இருக்காது, ஞாபகத்தை நம்பாதீங்க, வலிக்காத அன்னைக்கு வலிச்ச நாள் மறந்துபோகும்.

அதே நோட்டுல முதல் பக்கத்துல மூணு வேலை எழுதுங்க, இப்போ முடியாத, ஆனா முடிஞ்சா வாழ்க்கையே மாறும்னு நீங்க நினைக்கிற வேலை. "வலி குறையணும்"னு எழுதாதீங்க, அது வேலை இல்ல. மார்க்கெட் வரைக்கும் உக்காராம போயிட்டு வரணும், ஒரு கல்யாணத்துல முகூர்த்தம் முடியற வரைக்கும் சேர்ல உக்காரணும், அடுப்படில நின்னு ஒரு வேளை சமையல் முடிக்கணும், இப்படி எழுதுங்க. வீட்ல ஒருத்தர்கிட்ட அதைப் படிச்சுக் காட்டிடுங்க, பின்னாடி அவங்க சாட்சி தேவைப்படும்.

போடற அன்னைக்கு

குப்புறப் படுக்க வெச்சு, மரத்துப்போற ஊசி போட்டு, எக்ஸ்ரே பாத்துக்கிட்டே லீட்டை ஏத்துவாங்க. லேசா மயக்கம் கொடுத்தாலும் பல இடத்துல நடுவுல எழுப்பி "எங்க குறுகுறுங்குது"ன்னு கேப்பாங்க. அப்போ மரியாதைக்கு ஆமா ஆமான்னு சொல்லாதீங்க. வலி இருக்கறது கெண்டைக்கால் வெளிப்பக்கம், குறுகுறுப்பு வர்றது தொடை முன்பக்கம்னா அதை அப்படியே சொல்லுங்க, லீட்டை ஒரு மில்லிமீட்டர் நகத்தறதுக்கு அப்போதான் வாய்ப்பு. சில புரோகிராம்ல, குறிப்பா செகண்டுக்கு 10,000 தடவை அடிக்கிற ஹை ஃப்ரீக்வென்சில, குறுகுறுப்பே தெரியாது. அதுக்கு லீட்டை எக்ஸ்ரே பாத்து எலும்பு அடையாளத்தை வெச்சே நிறுத்துவாங்க, அதனால ஒன்னும் தெரியலைன்னு பதறாதீங்க.

அந்த வாரம்

பெரும்பாலும் 5லேர்ந்து 7 நாள் இருக்கும், சில இடத்துல கூட. முதல் ரெண்டு நாள் கணக்குல சேராதுன்னே வெச்சுக்கங்க, ஊசி ஏத்தின இடத்துல முதுகு வலிக்கும், அது புது வலி, பழைய வலியோட போட்டுக் குழப்பிக்காதீங்க. நோட்டுல ரெண்டுக்கும் தனித்தனி கட்டம் போட்டு எழுதுங்க.

லீட்டை ப்ளாஸ்டரும் தையலும்தான் பிடிச்சிருக்கு, கொஞ்சம் நகந்தாலும் வலி இருக்கற இடத்துக்கு கரண்ட் போய்ச் சேராது. குனியக்கூடாது, இடுப்பைத் திருப்பக்கூடாது, கையைத் தலைக்கு மேல தூக்கி பரண்ல எட்டி எதையும் எடுக்கக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. குளியல் கிடையாது, ஈரத்துணி வெச்சு துடைச்சுக்கங்க. நம்ம ஊர் வெயில்ல வேர்வையில ப்ளாஸ்டர் ஓரம் மெதுவா உரியும், ஃபேனுக்கு அடியில இருங்க, உரிஞ்சா நீங்களா புதுசு ஒட்டாம கிளினிக்குக்கு வாங்க. இண்டியன் டாய்லெட் மட்டும் இருக்கற வீடுன்னா முன்கூட்டியே மேல வெக்கற கமோட் ஸ்டூல் வாங்கி வெச்சுடுங்க.

இதையெல்லாம் கேட்டுட்டு "அப்போ படுத்தே இருக்கறேன்"னு முடிவு பண்ணிடாதீங்க, அதுதான் வாரத்தை வீணாக்கற வழி. நடக்கலாம், நிக்கலாம், உக்காரலாம். நோட்டு முதல் பக்கத்துல எழுதினீங்களே மூணு வேலை, குனியாம திரும்பாம பண்ண முடிஞ்சதையெல்லாம் பண்ணிப் பாருங்க. மாத்திரை எதையும் டாக்டர் சொல்லாம குறைக்கவோ கூட்டவோ வேணாம், எது மெஷினால எது மாத்திரையாலன்னு தெரியாம போயிடும்.

புரோகிராம் ரெண்டு மூணு ஏத்திக் கொடுப்பாங்க, ரிமோட்ல மாத்திக்கலாம். அரை மணிக்கு ஒரு தடவை மாத்திக்கிட்டே இருக்கறவங்களைப் பாத்திருக்கேன், டிவி சேனல் இல்லங்க அது. ஒரு புரோகிராமுக்கு ஒரு நாளாவது கொடுங்க, குறுகுறுப்பு இல்லாத வகையா இருந்தா பலன் தெரியவே ஒரு நாள் ரெண்டு நாள் ஆகலாம். எந்த நேரத்துல எந்த புரோகிராம்னு எழுதுங்க. குறுகுறுப்பு வர்ற வகையில மல்லாக்கப் படுத்தா சட்டுனு ஷாக் மாதிரி ஏறும், ஏன்னா படுக்கறப்போ தண்டுவடம் லீட் பக்கமா சாயுது, அதனால படுக்கறதுக்கு முன்னாடியே ரிமோட்ல குறைச்சுக்கங்க. வண்டி ஓட்ட வேணாம்.

முடியறதுக்கு ஒரு நாள் முன்னாடி, கிளினிக்ல கேட்டுட்டு, சில மணி நேரம் மெஷினை ஆஃப் பண்ணிப் பாருங்க. வலி திரும்பி வருதா, எவ்வளவு நேரத்துல வருதுன்னு குறிச்சுக்கங்க. இதை நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன், மெஷின் கொடுக்கற பலனா இல்ல புதுசா ஒன்னு வெச்ச சந்தோஷமான்னு பிரிக்க இதுவும் கொஞ்சம் உதவும்.

உடனே போன் பண்ண வேண்டிய விஷயம்: காய்ச்சல் குளிர், போட்ட இடத்துல சீழோ சிவப்போ, எழுந்து உக்காந்தா மண்டை பிளக்கற வலி படுத்தா குறையறது. போன்லாம் பண்ணிட்டு இருக்காம நேரா எமர்ஜென்சிக்கு ஓட வேண்டியது: கால் பலம் குறையறது, மரத்துக்கிட்டே போறது, யூரின் அடக்க முடியாம போறது இல்ல வராம போறது, முதுகுல திடீர்னு கடுமையா வலி. ராத்திரி ரெண்டு மணின்னாலும் போங்க.

வேணுமா வேணாமா

உலகம் பூரா சொல்ற கணக்கு வலி பாதியாவது குறையணும்ங்கறது. அது வேணும்தான், ஆனா நம்பரை மட்டும் பாக்காதீங்க. ஒரு அம்மா எங்கிட்ட "வலி அப்படியேதான் கண்ணு இருக்கு"ன்னு முகத்தைச் சுளிச்சுக்கிட்டு சொன்னாங்க, பக்கத்துல இருந்த வீட்டுக்காரர் நோட்டைப் புரட்டிட்டு "ஏனுங்க, இந்த வாரம் ராத்திரி எந்திரிச்சு நடக்கவே இல்லையே, நேத்து கோயில் சுத்து மூணு சுத்தி வந்தாளே"ன்னாரு. நோட்டுல 8னு எழுதின இடமெல்லாம் 4 ஆயிருந்துச்சு, அந்தம்மா கவனிக்கவே இல்ல. இதுக்கு நேர் எதிரா, 80 சதவீதம் குறைஞ்சிடுச்சுன்னு சிரிச்ச முகமா சொல்லுவாங்க, நோட்டைப் பாத்தா நடை ஒரு அடி கூடியிருக்காது, மாத்திரை ஒன்னும் குறைஞ்சிருக்காது. அந்த மாதிரி இருந்தா நான் அவசரப்பட வேணாம்னுதான் சொல்லுவேன்.

புரோகிராம் பண்றதுக்கு வர்றவர் பல இடத்துல கம்பெனி ஆளா இருப்பாரு. தங்கமா பேசுவாரு, கூப்பிட்டா வருவாரு, அவர் உதவி நிஜமாவே தேவை. ஆனா அவர் முன்னாடி முடிவு சொல்லாதீங்க. லீட்டை எடுத்துட்டு, வீட்டுக்குப் போய், பழைய வலியோட சில நாள் இருந்துட்டு, நோட்டை வெச்சு டாக்டர்கிட்ட பேசுங்க. நிரந்தரமா வெக்கறதுக்கு முன்னாடி ட்ரையல் பண்ணிப் பாருங்கன்னு எஃப்டிஏவே 2020ல டாக்டர்களுக்கு லெட்டர் எழுதி ஞாபகப்படுத்துச்சு. ட்ரையல் வேணாம், நேரா வெச்சுடலாம்னு யாராவது சொன்னா ஏன்னு கேளுங்க. ட்ரையல்ல நல்லா இருந்துட்டு ஒன்னு ரெண்டு வருஷத்துல பலன் மங்கிப் போறதும் உண்டு, லீட் நகந்தோ உடைஞ்சோ திரும்ப ஆபரேஷன் வர்றதும் உண்டு, இன்ஃபெக்ஷன் ஆனா பெரும்பாலும் முழுசையும் வெளிய எடுக்க வேண்டி வரும். இதையும் தெரிஞ்சுக்கிட்டு சரின்னு சொல்லுங்க.

சரின்னு சொல்லிட்டீங்கன்னா

நிரந்தரமா வெக்கறப்போ பேட்டரியும் தோலுக்கு அடியில போயிடும், அதுல ரெண்டு வகை. சார்ஜ் பண்றது சின்னதா இருக்கும், பல வருஷம் உழைக்கும், ஆனா நீங்கதான் சார்ஜரை மேல வெச்சு உக்காரணும். சார்ஜ் பண்ணாதது தீந்தா சின்ன ஆபரேஷன்ல மாத்தணும். தனியா இருக்கற வயசானவங்களுக்கு சார்ஜ் பண்றது தொல்லைன்னா ரெண்டாவதைக் கேளுங்க. இன்சூரன்ஸ்காரங்ககிட்ட மெஷினுக்கும், பின்னாடி பேட்டரி மாத்தறதுக்கும் கவர் ஆகுமான்னு எழுத்துல வாங்குங்க, வாய்ப்பேச்சு செல்லாது.

பேட்டரி வெக்கற இடத்தை ஆபரேஷனுக்கு முன்னாடியே, நின்னு ஒரு தடவை உக்காந்து ஒரு தடவை, பேனாவுல குறிக்கச் சொல்லுங்க. பாவாடை நாடா இறுக்கற இடம், பேண்ட் பெல்ட் வர்ற இடம், வேட்டி முடிச்சு வர்ற இடம், ரெகுலரா படுக்கற பக்கம், இது எதுலயும் வரக்கூடாது. நீங்க வழக்கமா கட்டற துணியைக் கட்டிக்கிட்டே போய் காட்டுங்க. இது அற்ப விஷயம் மாதிரி தெரியும், பேட்டரி உறுத்துதுன்னே வந்து எடுக்கச் சொன்னவங்க இருக்காங்க.

வெச்ச பிறகு 6லேர்ந்து 8 வாரம் அதே குனியாத, திரும்பாத, தூக்காத வாழ்க்கை. தண்ணிக் குடம், கேஸ் சிலிண்டர், கோலம், தரையில உக்காந்து சாப்பிடறது எல்லாம் லீவு. எம்ஆர்ஐ எடுக்கலாமா, எந்த பாகத்துக்கு எடுக்கலாம்ங்கறது மாடலுக்கு மாடல் மாறும், வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டுக்கங்க. ஏர்போர்ட்டுல, ஸ்டிமுலேட்டர் இருக்குன்னு கொடுக்கற கார்டைக் காட்டிட்டு கையால சோதிக்கச் சொல்லுங்க.

எங்க ஆளுங்ககிட்ட இருந்தே ஒரு ஆபத்து வரும், அதைச் சொல்லாம விடக்கூடாது. தெருவுக்கு ஒரு பிசியோ சென்டர்ல தோள் வலின்னு போனாலும் எஸ்டபிள்யூடின்னு ஒரு ஹீட் மெஷின் வெப்பாங்க, டயதெர்மின்னும் சொல்லுவாங்க. ஸ்டிமுலேட்டர் வெச்ச உடம்புல அதை எந்த பாகத்துலயும் வெக்கக்கூடாது, ஸ்டிமுலேட்டர் ஆஃப்ல இருந்தாலும் கூடாது. லீட் சூடாகி தண்டுவடமே வெந்து போகலாம், உயிருக்கே ஆபத்து. உள்ள போனதும் முதல் வார்த்தையா "எனக்கு முதுகுல ஸ்டிமுலேட்டர் இருக்கு"ன்னு சொல்லுங்க, கார்டு பர்ஸ்லயே இருக்கட்டும். பல் டாக்டர், கண் டாக்டர், வேற ஆபரேஷன் பண்ற சர்ஜன், எல்லார்கிட்டயும் இதேதான், ரத்தத்தை நிறுத்த கரண்ட்ல சுடற காட்டரிக்கு அவங்க வேற ஏற்பாடு பண்ணணும். அந்தக் கார்டை ஒரு போட்டோ எடுத்து வீட்ல இன்னொருத்தர் போன்லயும் போட்டு வெச்சுடுங்க.